விலகி நின்ற இரண்டு புள்ளிகள்

மருமகனிடம் அந்த விஷயத்தைச் சொல்ல சௌந்தரம் மூன்று வாரமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குழந்தையைத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் கொண்டுவந்து விட்ட செந்தமிழ்செல்வன் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. கயல இனிமே சிதம்பரத்துக்கு அனுப்ப வேணாம்னு பாக்குறேன்."

"ஏன் அத்தை?"

"அங்க போயிட்டு வந்தாலே புள்ளைக்கு இளைப்பு வந்துடுது. உங்க வீட்டுல என்ன இருக்குதோ, ஏது இருக்குதோ. திங்கக்கெழம ஆனா மெஷினும் மாஸ்க்குமா ஒக்காந்திருக்கா. நீங்க சங்கடப்படுவீங்கன்னு இத்தன நாளா சொல்லல."

நாளிதழுக்குப் பின்னாலிருந்து மாமனார் வைத்திலிங்கத்தின் குரல் வந்தது. "வாயால சொன்னா எப்புடி? காலண்டரக் காட்டு. புள்ளியியல் ஆபீசரு, ஆதாரம் கேப்பாரு."

சமையலறைச் சுவரிலிருந்து சௌந்தரம் போன வருட மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தாள் ஒன்றையும் கிழிக்கவில்லை. முடிந்த மாதத்தைப் பின்பக்கம் மடித்து விட்டிருந்தாள். பால் வராத நாளுக்கு ஒரு கோடு. கேஸ் மாற்றிய நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. பேத்திக்கு இளைப்பு வந்து நெபுலைசர் வைத்த ஒவ்வொரு தடவைக்கும் சிவப்பு மையில் ஒரு சுழி. ஆடியில் தொடங்கிய சுழிகள் மார்கழி வரை சிதறிக் கிடந்தன. பெரும்பாலும் ஞாயிறு, திங்கள்.

"பாத்தீங்களா? நீங்க கூட்டிக்கிட்டுப் போன வாரமா பாத்து ஜாஸ்தி."

அவன் பார்த்தான். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினான்.

"ஜூன்ல எல்கேஜி சேக்கணும். இங்க நம்ம தெருக்கோடியிலயே ஸ்கூலு. ஃபாரம் வாங்கியாச்சு, அப்பா கையெழுத்துதான் வேணும். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து போட்டுடுங்க. நீங்க எப்ப வேணா வந்து புள்ளையப் பாருங்க, யாரு வேணாங்கறது?"

குழந்தையைச் சிதம்பரத்திலேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். பக்கத்து வீதியில் பள்ளி பார்த்தாயிற்று; மத்தியானம் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுக்காரம்மாள் ஒத்துக்கொண்டாயிற்று. இவர்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மனைவி அருள்மொழி போனபின் அவனுக்கு எதற்குமே சட்டென்று வாய் வருவதில்லை.

அவள் போய்ப் பதினாறு மாதம். தலைவலி என்று உட்கார்ந்தவள், மூளையில் ரத்தம் கசிந்து, புதுச்சேரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாள். இருபத்தெட்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இரண்டு வயதுக் கயல்விழியை, "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிச் சௌந்தரம் தூக்கிக்கொண்டு போனாள். அவன் தடுக்கவில்லை. அழவுமில்லை. நெஞ்சழுத்தக்காரன் என்று சாவுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது அவன் காதிலும் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தான். தொட்டால் தெரியும். வலிக்காது.

போன ஆனியில்தான், குழந்தைக்கு மூன்று வயது முடிந்ததும், சனி ஞாயிறுகளில் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தான்.

"இந்தக் காலண்டர நான் எடுத்துட்டுப் போறேன் அத்தை."

"எடுத்துட்டுப் போயி?"

"பாக்குறேன்."

"போன வருசத்துதான, குடு" என்றார் வைத்திலிங்கம். "அவரும் கூட்டிக் கழிச்சுப் பாக்கட்டும்."

வாசலில் செருப்பை மாட்டும்போது கயல்விழி அவன் பேன்ட்டைப் பிடித்தாள். "அப்பா, சனிக்கெழம வருவல்ல?"

"வருவேன்" என்றான். பொய்யா மெய்யா என்று அவனுக்கே தெரியவில்லை.

செல்வனுக்குக் கீரப்பாளையம் வட்டாரத்தில் புள்ளியியல் ஆய்வாளர் வேலை. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தவன். சம்பா அறுவடைக் காலத்தில் அவனை அலுவலகத்தில் பார்ப்பது அரிது. எந்த ஊர், எந்தச் சர்வே எண் என்பதைச் சமவாய்ப்பு எண் அட்டவணை தீர்மானிக்கும். அந்த வயலுக்குப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். இந்த எடைகளிலிருந்துதான் வட்டாரத்தின் விளைச்சல் என்ன என்பது கணக்காகும்.

மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் காலண்டரை விரித்தான். வெளியூர் போய்வந்த நாட்களைப் பதிந்து வைக்கும் அவனுடைய நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை இருபத்தாறு வாரம். முதல் பத்தியில், அந்த வாரம் குழந்தை தன் வீட்டில் இருந்த நாட்கள்: சுழியம், ஒன்று, இரண்டு, லீவு விட்ட வாரம் மூன்று. இரண்டாம் பத்தியில், அந்த வாரத்துச் சிவப்புச் சுழிகள்.

கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நொடி வேலை. அவன் கையால் போட்டான். ஒவ்வொரு எண்ணும் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று எழுதினான். விலகல்களைப் பெருக்கினான், வர்க்கம் எடுத்தான், கூட்டினான், வகுத்தான். இரண்டும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கினால் விடை ஒன்றை நெருங்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையென்றால் சுழியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர்.

0.61 வந்தது.

மறுபடி போட்டான். மறுபடியும் 0.61.

இருபத்தாறு வாரம்தானே, ஏதோ தற்செயலாக இப்படி அமைந்திருக்கக் கூடாதா? அதற்கும் ஒரு சோதனை உண்டு. போட்டான். 3.77. அட்டவணையில் பார்த்தால் 2.06-ஐத் தாண்டினாலே தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இது வெகுதூரம் தாண்டிவிட்டது.

சௌந்தரம் எட்டாவதோடு நின்றவள். எந்தச் சூத்திரமும் இல்லாமல் காலண்டரில் அவள் கண்ணால் பார்த்தது சரி. என் வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்கு ஆகவில்லை. பெண்டாட்டி என் வீட்டில்தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், இப்போது பிள்ளை. அவனுக்கு இது புதிதாகப் படவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த தபால் வந்து சேர்ந்தது போலத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, காலண்டரைச் சுருட்டி மேஜைக்கடியில் வைத்தான்.

புதன்கிழமை வேலை மும்முரத்துக்கு நடுவே, ஏனென்று தெரியாமல், அதே எண்களை வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்துக்கொண்டிருந்தான். எதிர் மேஜை பாத்திமா மேரி எட்டிப் பார்த்தாள். அவனைவிட எட்டு வயது மூத்தவள். கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவது அவள் வேலை. வாய் சும்மா இருக்காது.

"எந்தக் கிராமம் செல்வா? வெளைச்சல் ரெண்டும் மூணுமா இருக்குது? எலி தின்னுடுச்சா?"

"கிராமம் இல்லக்கா."

"ஏதோ ஒண்ணு. நல்லாத்தான் ஏறுது. இந்த ரெண்டு புள்ளி மட்டும் என்ன, கோவிச்சுக்கிட்டுத் தனியா நிக்குது? ஒண்ணு ரெண்டுக்கு நேரா, ஒண்ணு மூணுக்கு நேரா, ஒசரம் ரெண்டுக்குமே முட்டை! அடிச்சு வுட்டுடு. படம் அழகா வரும், மேலிடத்துல கேள்வியும் வராது."

"வயலுக்குப் போகாம அடிக்கக் கூடாதுக்கா."

வழக்கமாகச் சொல்வதுதான். ஒரு வயலின் எடை மட்டும் ஒட்டாமல் நின்றால் அவன் அதைத் தூக்கிப் போடமாட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த வரப்பில் நிற்பான். தண்ணீர் தேங்கியதா, ஆடு மேய்ந்ததா, கயிறு தப்பாகக் கட்டினோமா என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். ஆனால் சொன்ன பிறகு தன் குரல் தனக்கே கேட்டது. இந்த இரண்டு புள்ளியின் வரப்பில் அவன் போய் நிற்கவேயில்லை.

தேதியைத் தேடினான். டிசம்பரில் அடுத்தடுத்த இரண்டு வாரம். மழையும் குளிருமான நாட்கள். இளைப்பு வருவதென்றால் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். குழந்தை இரண்டு நாள், மூன்று நாள் அவனோடு இருந்திருக்கிறாள். சிவப்புச் சுழி ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு வாரத்தில் அவன் வீட்டில் என்ன இல்லை?

நாட்குறிப்பைப் புரட்டினான். அவன் கையெழுத்திலேயே இருந்தது: 'சித்தப்பா தங்கராசு மறைவு. விடுப்பு.' பங்காளி வீட்டுச் சாவு. பதினாறு நாள் தீட்டு. அப்போது சௌந்தரம்தான் போன் செய்து சொன்னாள்: "பதினாறு முடியிற வரைக்கும் அருளு படத்துக்கு வெளக்கு, சாம்பிராணி எதுவும் வேணாம் மாப்ள."

செல்வன் நாட்குறிப்பை மூடினான்.

மற்ற எல்லா வாரமும் சாம்பிராணி போட்டான். குழந்தை வர ஆரம்பித்தபோதே சௌந்தரம் சொல்லி அனுப்பியது அது. "புள்ள வர்ற அன்னிக்கெல்லாம் அம்மா படத்துக்கு வெளக்கேத்தி, சாம்பிராணி போட்டு, கும்புடச் சொல்லுங்க. அம்மான்னு ஒருத்தி இருந்தான்னு நெனப்பு இருக்கட்டும்." அவன் மறக்காமல் செய்தான். செய்யச் சொன்னதைச் செய்வதற்கு மட்டும் அவனுக்குத் தெம்பு இருந்தது. அட்டைப் பெட்டியில் வரும் கப் சாம்பிராணி. ஒன்றைப் பற்றவைத்தால் அரைமணி நேரம் புகையும். தெற்கு வீதிக்குப் பின்னால் இரண்டே அறை வீடு. கொசுவுக்குப் பயந்து சன்னல்கள் சாயங்காலமே சாத்திக் கிடக்கும். கயல்விழி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புகையைக் கையால் அள்ளி அள்ளி விளையாடுவாள்.

ஆவணியில் டாக்டர் கேட்டார், வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, விறகு அடுப்பு உண்டா, புகை ஏதாவது உண்டா என்று. இல்லை என்றுதான் சொன்னான். பக்கத்தில் நின்ற சௌந்தரமும் இல்லை என்றாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அது புகை என்று யாருக்குத் தோன்றும்? அது அருள்மொழிக்குச் செய்வது.

குழந்தை சிதம்பரம் வராத வாரங்கள் ஏழு. அவற்றில் இரண்டில் மட்டும் சிவப்புச் சுழி இருந்தது. காலண்டரை மறுபடி விரித்தான். இரண்டு சுழிக்கும் பக்கத்துக் கட்டத்திலேயே அச்சில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அமாவாசை. திருப்பாதிரிப்புலியூரில் சௌந்தரம் மகளுக்குச் சாம்பிராணி போட்டுப் படைக்கும் நாள்.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் பாத்திமா மேரி.

அவன் எழுந்து பின்பக்கக் குழாய்க்குப் போனான். முகத்தைக் கழுவினான். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது. குழாயை மூடிய பிறகும். பதினாறு மாதத்தில் முதல் தடவை. தண்ணீர் குடிக்க வந்த ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

திரும்பி வந்து மூன்றாவதாக ஒரு பத்தி போட்டான். அந்த வாரம் குழந்தைக்கு முன்னால் எத்தனை சாம்பிராணி புகைந்தது. சிவப்புச் சுழிகளோடு அதன் ஒட்டுறவு 0.84. சாம்பிராணியின் பங்கைக் கழித்துவிட்டு, அவன் வீட்டில் இருந்த நாட்களுக்கும் இளைப்புக்கும் மிச்சம் என்ன உறவு என்று பார்த்தான். மைனஸ் 0.03. சுழியம் என்றே சொல்லலாம்.

இரண்டு விஷயம் கைகோத்து நடந்தால் ஒன்றுதான் மற்றதைக் கூட்டிப்போகிறது என்று அர்த்தமில்லை. மூன்றாவதாக ஒன்று இரண்டையும் கூட்டிப்போகலாம். முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த பாடம். குறுக்கே நின்றது தன்னையே குற்றவாளியாகப் பார்க்க அவனுக்கு இருந்த அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ஃபாரமும் பேனாவும் தயாராக இருந்தன. செல்வன் வரைபடத் தாளை மேஜைமேல் வைத்தான். நீளமாகப் பேசிப் பழக்கமில்லாதவன். நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு, தீட்டு வாரம், அமாவாசை, டாக்டர் கேட்டது எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

சௌந்தரம் தாளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"எம் பொண்ணுக்குப் போடுற சாம்பிராணியா எம் பேத்திக்கு மூச்ச அடைக்குது?"

"ஆமாங்க அத்தை. அப்படித்தான் தெரியுது."

"பெத்த புள்ளைக்கு அவளே ஆகாதுன்னு சொல்றீங்களா?"

"அவ இல்ல அத்தை. புகை."

"நீங்க அழுதீங்களா அவளுக்கு? ஒரு சொட்டு? அந்தச் சாம்பிராணி ஒண்ணுதான் நான் அவளுக்குச் செய்யறது. அதையும் கணக்குப் போட்டு நிறுத்தச் சொல்றீங்க."

வைத்திலிங்கம் நாளிதழை மடித்தார். "எனக்குந்தான் முப்பது வருசமா அமாவாச ஆனா தும்மலு. சாமிக்குத்தம்னு எந்தலையில விபூதி பூசுன. புகைன்னு ஒரு நாளு சொன்னியா?"

"நீங்க சும்மா இருங்க."

"முப்பது வருசமா அதான செய்யறேன்."

செல்வன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அழல அத்தை. முடியல. புதன்கெழமதான் அழுதேன்."

சௌந்தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வந்தபோது கையில் புது வருடக் காலண்டர் இருந்தது.

"எத்தன நாளு?"

"வைகாசி வரைக்கும். ரெண்டு வீட்டுலயும் வேணாம். விளக்கு மட்டும். நீங்க சுழி போடுங்க. ஜாஸ்தி வந்தா நானே ஃபாரத்துல கையெழுத்துப் போடுறேன்."

"எண்ணறது நானு. நீங்க இல்ல."

"சரிங்க அத்தை."

"நடுவுல ஒரு நாளு ஏமாத்தி மெஷின் வெச்சீங்கன்னா, கயலு சொல்லிடுவா."

"சொல்லிடுவா" என்றான்.

ஃபாரம் பீரோவுக்குள் போயிற்று. சிதம்பரத்தில் பார்த்துவைத்த பள்ளியைப் பற்றியும் அன்றைக்கே சொல்லிவிட்டான். பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி, இடத்தை மே கடைசி வரை நிறுத்திவைக்கச் சொன்னது வைத்திலிங்கம்.

தைக் கடைசி, மாசி, பங்குனி, சித்திரை. சனிக்கிழமை காலையில் அவன் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் குழந்தையோடு பாசஞ்சர் ரயில் ஏறினான். பரங்கிப்பேட்டை தாண்டும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் கயல்விழி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படகுகளை எண்ணுவாள். நாலுக்கு மேல் அவளுக்கு எல்லாம் பத்து. வீட்டில் படத்துக்குக் கனகாம்பரம் வைத்து விளக்கேற்றினார்கள். "அப்பா, பொகை?" என்று முதல் வாரம் கேட்டாள். "அது வேணாம்மா. நாம அம்மாகிட்ட பேசலாம்" என்றான். என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள்தான் பேசினாள்: படகு, நாய்க்குட்டி, தாத்தாவின் தும்மல். நாலாவது வாரம் அவனும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டான்.

ஞாயிறு மாலைகளில் சௌந்தரம் பேத்தியை வாங்கிக்கொள்ளும்போது முதலில் செய்வது, குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்பது. காலண்டரை அவனிடம் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

வைகாசி பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவளே சிதம்பரம் வந்தாள், வைத்திலிங்கத்தோடு. மகளின் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறுவது அதுதான் முதல். சன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையிலிருந்து காலண்டரை எடுத்து விரித்தாள்.

பதினேழு வாரம். அதில் பதிமூன்று வாரம் குழந்தை சிதம்பரம் வந்திருக்கிறாள். சிவப்புச் சுழி ஒன்றே ஒன்று.

"அது அன்னிக்கு உங்க மாமா வாங்கிக் குடுத்த ஐஸ்கிரீமு" என்றாள்.

"எங்கிட்டதான் வந்து முடியும்" என்றார் வைத்திலிங்கம்.

செல்வன் அந்த ஒற்றைச் சுழியைப் பார்த்தபடி இருந்தான். "அது எதனாலன்னு தெரியல அத்தை. பதினேழு வாரம் கொஞ்சந்தான். வெயில் காலம் வேற. மழைக்காலத்துலயும் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். இது போதாது."

"உங்க கணக்குக்குப் போதாம இருக்கும். எனக்குப் போதும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள், எதிர்வீட்டிலிருந்து கயல்விழி ஓடி வந்தாள். நடு அறையில் நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மார்பு ஏறி இறங்கியது. மூன்று பேரும் அசையாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சௌந்தரம் மெதுவாகக் குனிந்து பேத்தியின் முதுகில் காதை வைத்தாள். செல்வன் அவள் முகத்தையே பார்த்தான்.

"ஓடி வந்த மூச்சுதான்" என்றாள்.

"ஆயா, விடு. தண்ணி வேணும்."

தண்ணீர் குடித்துவிட்டுக் குழந்தை மறுபடி வெளியே ஓடினாள். சௌந்தரம் சமையலறைக்குள் போய்ச் சுவரைத் துழாவி ஓர் ஆணியைக் கண்டுபிடித்தாள். அருள்மொழி காலண்டர் மாட்டிவைத்த ஆணிதான். இருபது மாதமாகச் சும்மா இருந்தது. அதில் காலண்டரை மாட்டி, வைகாசித் தாளை நேராக்கினாள். பிறகு இடுப்பிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மருமகனிடம் நீட்டினாள்.

"இனிமே நீங்க எண்ணுங்க. மாசக் கடைசியில எனக்குக் காட்டணும். ஏமாத்தக் கூடாது."

"காட்டுறேன் அத்தை" என்று வாங்கிக்கொண்டான்.

"அந்த ஸ்கூலு எங்க இருக்குது? வெயில் தாழ போயிப் பாத்துட்டு வரலாம். பஸ்ஸுல ஏறுற மாதிரி தூரமா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன்."

"நடந்தா அஞ்சு நிமிசம் அத்தை."

"அது உங்க கணக்கு. புள்ள காலுக்குப் பத்து நிமிசம்" என்றபடி அவள் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.